நட்சத்திரம் போட்ட வரி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் விசாரித்துவிட்டு மற்றதைச் சொல்வதுதான் முறை. நீங்களாவது நலமாக இருங்கள். எனக்கு நேற்றிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை.

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எடுத்தேன், வைத்துவிட்டேன். ஒன்றரை அறை வீட்டில் ரகசியம் பேச இடம் ஏது? உங்கள் அண்ணனுக்குக் கை, கால், குரல் எல்லாம் போனாலும் காது மட்டும் பாம்புக் காது. வாசலில் நின்று பேசினால் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பார். அதனால் அடுப்படியில் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து உங்களுக்கு அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மடியில் வைத்து எழுதுகிறேன்.

முன்பு ஒரு தடவை வந்தபோது அவர் கன்னத்துக்கு அருகில் அந்தப் பட்டனைப் பொருத்திக் கொடுத்தீர்கள். திரையில் எழுத்தும் சொல்லும் உள்ள கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது கன்னத்தால் அழுத்துவார், கம்ப்யூட்டர் அதைக் குரலாகச் சொல்லும். பட்டன் இரண்டு முறை பழுதாகி மாற்றியது நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் பட்டனை ஒரு மௌஸாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் அது காட்டுகிற பெயர் வேறு என்று சலித்துக்கொண்டு அதில் ஒரு விதி எழுதினீர்கள். "முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டுட்டேன் அண்ணி. பேரு எப்படி ஆரம்பிச்சாலும் சரி, மௌஸ்னு முடிஞ்சா அது அண்ணனோட பட்டன்தான்" என்றீர்கள். இனி யாரையும் கூப்பிட வேண்டாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

போன மாதம் நான் ஒரு வயரில்லாத மௌஸ் வாங்கினேன். குரலின் சத்தத்தைக் கூட்டக் குறைக்க அதன் சக்கரத்தை உருட்டினால் போதும் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொன்னாள். சக்கரத்தைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. அடிக்கடி தேட வேண்டாமே என்று நைட்டிப் பையிலேயே போட்டு வைத்திருப்பேன்.

புதன்கிழமை டாக்டர் வந்தார். மூச்சு முட்டும் நாள் வந்தால் தொண்டையில் துளை போட்டு மெஷின் வைக்கலாமா, வேண்டாமா என்று உங்கள் அண்ணனையே கேட்டார். நான் கட்டில் கம்பியில் சாய்ந்து நின்றேன். கை பைக்குள் இருந்தது. திரையில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று மாறி மாறி ஒளிர்ந்தன. குரல் "வேண்டாம்" என்றது. டாக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் "வேண்டாம்". காகிதத்தில் எழுதிக்கொண்டு, என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் அண்ணன் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, என் கையை. அன்று எனக்குப் புரியவில்லை. அப்போதிலிருந்து ஒரு எழுத்துகூட அவர் எழுதவில்லை. நான் பக்கத்தில் போனால் கண்ணை மூடிக்கொள்கிறார். சாயங்காலம் அழுதுகொண்டே, "எம்மேல கோபமா?" என்று கேட்டேன். குரல் "இல்லை" என்றது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான்கு நாள் நடமாடினேன். அப்போதும் மௌஸ் பையில்தான் இருந்தது, தம்பி.

நேற்று மதியம் அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். என் பெண், நம் வாயாடி, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்த மௌஸை வைத்துச் சும்மா டக் டக்கென்று அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆம்." கொஞ்சம் கழித்து "வேண்டாம்." ஓடிப்போய்ப் பார்த்தேன். வாய் பிளந்து குறட்டை விடுகிறார், கன்னம் பட்டனைத் தொடவே இல்லை. பெண்ணை மறுபடியும் அழுத்தச் சொன்னேன். "வேண்டாம்" என்றது. இதன் பெயரும் மௌஸ் என்றுதானே முடிகிறது, இதையும் அவர் பட்டன் என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மௌஸுக்காகக் கம்ப்யூட்டரில் செருகியிருந்த சின்னத் துண்டைப் பிடுங்கி, மௌஸோடு சேர்த்து உப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். டாக்டருக்கு போன் செய்து அந்தக் காகிதத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன். "அவரே சொன்னா உடனே மாத்திடலாம்மா. நீங்க சொல்லி மாத்த முடியாது" என்றார். நியாயம்தான். ஆனால் அவர் எனக்குப் பதில் சொன்னால்தானே? இன்று காலையிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்குகிறது. கன்னமும் தளர்ந்துகொண்டே வருகிறது. போன வாரமே ஐந்து முறை அழுத்தினால் மூன்றுதான் பட்டனில் விழுந்தது.

அந்த "வேண்டாம்" அவருடையதாகவே இருக்கலாம். என் இடுப்பு கம்பியில் பட்டு, பையிலிருந்த மௌஸ் அழுந்தி விழுந்ததாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. என் கணவர் உயிரோடு இருக்க விரும்புகிறாரா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. அவரோ, நான் தெரிந்தே அழுத்தினேன் என்று நினைக்கிறார். உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அன்று அந்தப் பதிலைக் கேட்டதும் ஒரு கணம், ஒரே கணம், அப்பாடா என்று இருந்தது எனக்கு. அது என் முகத்தில் தெரிந்திருக்கும். அதையும் அவர் பார்த்திருப்பார்.

உங்களைக் குறை சொல்லவில்லை. வாசலை அகலமாகத் திறந்து வைத்தது நீங்கள், உள்ளே போய் நின்றது நான். அந்த விதியில் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, அவர் பட்டனின் முழுப் பெயரை மட்டும் போட்டுவிடுங்கள். நானே திருத்தலாம் என்று திறந்தேன், ஓர் எழுத்து தவறினால் அவர் அடியோடு ஊமையாகிவிடுவாரே என்று மூடிவிட்டேன்.

எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாருங்கள். இந்த வாரத்துக்குள் வாருங்கள், அவர் கன்னம் அசைகிறபோதே வாருங்கள். டாக்டர் கேட்டதை நீங்கள் கேளுங்கள். நான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விடுகிறேன். அவர் என்ன சொன்னாலும் சரி, அது அவர் சொன்னதாக இருக்கட்டும்.

எம்மேல கோபமா என்ற இரண்டாவது கேள்வியை மட்டும் நீங்கள் கேட்க வேண்டாம். இரண்டு கையையும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கட்டில்மேல் விரித்து வைத்துக்கொண்டு, அதை நானே கேட்கிறேன்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் அண்ணி