யாருடா நீ

ஆடி மாதம், செவ்வாய் இரவு.

இன்று நானும் அவரும் மலைப்படி ஏறும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மலேசியாவுக்குச் சுற்றுலா போயிருக்கும் மகன் குமாரின் குரல்.

"அம்மா, கீழ விழுந்துட்டேன். ஆஸ்பத்திரி போன்லருந்து பேசிக்கினு இருக்கேன். உன் கார்டுல பணம் கட்டணும். ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

பிள்ளைகளின் குரலை நகலெடுத்து ஏமாற்றுகிறார்களாம். "யாருடா நீ? போனை வை" என்று கத்தினேன்.

"நைனாகிட்டயாவது குடும்மா" என்று அப்பாவைக் கேட்டு அழுதான். துண்டித்துவிட்டேன்.

சாயங்காலம் அவனுடைய நண்பன் படம் அனுப்பினான். கையில் மாவுக்கட்டோடு குமார். பணத்தை நண்பன்தான் கட்டினானாம்.

உடனே கூப்பிட்டு, "வலிக்குதாடா?" என்றேன்.

"இல்லம்மா. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதன்னு நான்தானே சொன்னேன்" என்று சிரித்தான்.

பெற்றவளுக்கு அந்த அழுகை தெரியவில்லையே.