பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

ஜெலுத்தோங்,
4.3.2024

அன்புள்ள ரோசம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நீயும் உன் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். எனக்குப் பக்கவாதம் வந்ததை நம் மகள் மோனிக்கா சொல்லியிருப்பாள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் குழறுவதால் போன் செய்யவில்லை. வலது கை எழுதுகிறது.

ஆஸ்பத்திரியில் பிசியோ தொடங்கிவிட்டார்கள். எழுந்து நின்றால் பேலன்ஸ் இல்லை, இடப்பக்கமே சரிகிறேன். பயிற்சியின்போது அந்தப் பக்கம் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டுமாம். மோனிக்காவுக்குக் கோலாலம்பூரில் லீவு கிடைக்காது. பிரிந்து இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன். வர முடியுமா?

ஆர்தர்


நிபோங் திபால்,
11.3.2024

அன்புள்ளவருக்கு,

கடிதம் படித்து அக்காவும் அழுதாள். வருகிறேன். ஆனால் வீட்டுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. செவ்வாயும் வெள்ளியும் வந்து நின்றுவிட்டு மாலையே திரும்பிவிடுவேன். உங்கள் அதட்டலைப் பொறுக்க முடியாமல்தான் அக்கா வீட்டுக்கு வந்தேன். அங்கே ஒரு வார்த்தை கத்தினாலும் பஸ் ஏறிவிடுவேன். மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ரோசம்மா


ஜெலுத்தோங்,
8.6.2024

அன்புள்ள ரோசம்மாவுக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். நேற்று அந்த மெத்துமெத்தென்ற பயிற்சித் திண்டின்மேல் நான் தள்ளாடியபோது நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். பிசியோ ரோஹானா சொன்னால்தான் பிடிப்பாயோ? கோபம் தொண்டைவரை வந்தது. நீ போய்விடுவாயே என்று விழுங்கிக்கொண்டேன். பிறகு பார்த்தால், தானாகவே நிமிர்ந்து நிற்கிறேன்! கண்ணை மூடி நிற்கத்தான் இன்னும் பயம்.

நீ கொண்டுவந்த நெத்திலி சம்பால் தீர்ந்துவிட்டது.

ஆர்தர்


நிபோங் திபால்,
14.6.2024

அன்புள்ளவருக்கு,

கோபம் வந்தது தெரிந்தது, காது சிவந்துவிட்டது. எனக்கும் கை பரபரத்தது. அவசரப்பட்டுப் பிடித்தால் உங்கள் கால் வேலை செய்யாது என்று ரோஹானா சொல்லியிருந்தாள். அவளுக்கு வாய் நிறைய 'தெரிமா காசே' சொல்கிறீர்கள். பஸ்ஸும் பெர்ரியும் மாறி வருகிறவளுக்கு ஒரு நன்றி கிடையாது. சம்பால் செவ்வாயன்று வரும்.

ரோசம்மா


ஜெலுத்தோங்,
21.9.2024

அன்புள்ள ரோசம்மாவுக்கு,

இனித் துணை வேண்டாம், தனியாகவே வரலாம் என்று ரோஹானா போன மாதமே சொல்லிவிட்டாள். சொன்னால் நீ வரமாட்டாய் என்று மறைத்தேன். உன் முன்னால் வேண்டுமென்றே தள்ளாடினேன். மழையில் நனைந்து நீ வந்து நின்றதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. இனி நீ அலைய வேண்டாம். இத்தனை நாள் வந்ததற்கு நன்றி.

ஆர்தர்


நிபோங் திபால்,
27.9.2024

அன்புள்ளவருக்கு,

உங்களுக்கு நடிக்க வராது. தள்ளாடுகிறவர் எனக்கு முன்னால் லிப்டுக்கு ஓடுவாரா? ரோஹானா அன்றைக்கே என்னிடமும் சொல்லிவிட்டாள். தெரிந்துதான் வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். ஜெலுத்தோங் பாசாருக்கு வருகிறேன். காலையில் மீன்கடைப் பக்கம் நில்லுங்கள். கூடையை நீங்கள்தான் தூக்க வேண்டும். வீட்டில் மிளகாய்த்தூள் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவ நேரமாகும். கடைசி பஸ் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ரோசம்மா