அம்மாவின் பேச்சு எந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன், இங்கே நானும் அம்மாவும் அப்படியே, உடம்பைப் பொறுத்தவரை. எப்போதும் அம்மா எழுதும் கடிதத்தின் ஓரத்தில் "அப்பாவின் ஆசிகள்" என்று ஒரு வரி மட்டும் போடுகிறவன் இன்று முழுக் கடிதமும் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் கடையில், மூக்குக்கண்ணாடிக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்து விட்டு விட்டு எழுதுகிறேன். குழந்தை டிவிக்கு ஒட்டி நின்று பார்க்கிறாள் என்றாயே, அதைச் சும்மா விடாதே, கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு, இந்த வயதில் கண்ணாடியா என்று மாப்பிள்ளை இழுத்தால் என் பெயரைச் சொல்லி வாயை அடைத்துவிடு.

போன தடவை பேசிவிட்டு, அம்மா ஏன் எல்லாவற்றுக்கும் "ம்" என்றே சொன்னாள், என் மேல் கோபமா என்று கேட்டாய். கோபம் இல்லையம்மா. அவள் இப்போது யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. ரேடியோ வேலை போய்விட்டது. உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

நாட்டைப் பண்பாட்டுப் பகுதிகளாகப் பிரித்து வரைபடம் போடப்போகிறார்கள் என்று நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கலைக்கூடம், பாடப்புத்தகத்தில் தனிப் பாடம், ரேடியோவில் தனி நேரம். நல்லதுதானே என்றுதான் நாங்களும் இருந்தோம். மேற்குப் பகுதி எங்கே முடிகிறது, கிழக்குப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வந்தது வினை. ஆறு வரைக்கும் நாங்கள்தான் என்கிறார்கள் மேற்குப் பண்பாட்டுச் சங்கத்தார். ஆற்றைத் தாண்டி ரயில் சந்திப்பு வரைக்கும் நாங்கள் என்கிறார்கள் கிழக்குச் சங்கத்தார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது நம் ஊர். முதலில் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. கண் பரிசோதனைக்கு எழுத்தை வாசிக்கச் சொன்னால் ஆட்கள் எழுத்தை விட்டுவிட்டு எல்லையைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டில் அம்மா, "சமையலறை மேற்கு, கூடம் கிழக்கு, நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடப் போறீங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க" என்று தட்டை வைத்துக்கொண்டு கேட்பாள். சிரிப்போம்.

பிறகு ரேடியோ நிலையத்தில் காலை நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்தார்கள். அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தப் பகுதியின் சுத்தமான பேச்சு உள்ளவர்தான் வாசிக்க வேண்டும், ஆளைச் சங்கத்தார் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஏற்பாடு. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து வானிலையும் சந்தை விலையும் நேயர் கடிதமும் வாசித்தவள் அம்மா, யார் கேட்டாலும் தன்னைத்தான் எடுப்பார்கள் என்று நம்பினாள். குரல் தேர்வு அன்றைக்கு நீ அனுப்பிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். நடந்ததை ஒலிப்பதிவு அறையில் இருக்கிறாரே, நீ ஹெட்போன் மாமா என்பாயே, அவர்தான் கடைக்கு வந்து சொன்னார். பெயர் சொல்லாமல் அம்மாவின் குரலைப் போட்டிருக்கிறார். மேற்குச் சங்கத்தார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது கிழக்கத்திப் பேச்சு, நமக்கு ஒத்து வராது" என்றார்களாம். மதியம் கிழக்குச் சங்கத்தார் அதே பதிவைக் கேட்டுவிட்டு, "மேற்கத்தி வாடை தூக்கலா இருக்கே" என்றார்களாம். நம் ஊர் வேண்டுமென்று இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள், அந்த ஊரில் பேசுகிறவள் மட்டும் இரண்டு பேருக்கும் வேண்டாம்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. அம்மா பிறந்தது ரயில் சந்திப்புக் குடியிருப்பில், உன் தாத்தாவுக்கு மாற்றல் வந்து மாற்றல் வந்து இரண்டு பக்கமும் வளர்ந்தவள். மேற்கே சொல்லின் கடைசியை வெட்டிப் பேசுவார்கள், கிழக்கே இழுத்துப் பேசுவார்கள். அம்மா கோபம் வந்தால் வெட்டுவாள், பாசம் வந்தால் இழுப்பாள், உனக்குத் தெரியாததா. கடைசியில் நிலைய அதிகாரியே இரக்கப்பட்டு அவளை உள்ளே கூப்பிட்டு, சொந்த ஊர் எது என்று இரண்டு சங்கத்தார் முன்னாலும் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் சந்திப்பைச் சொன்னதும் சங்கத்தார் இரண்டு தரப்பும் சந்திப்பு யாருடையது என்று சண்டையில் இறங்கிவிட்டார்கள். டீ வந்தது, குடித்தார்கள், மறுபடியும் சண்டை போட்டார்கள். அம்மா கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருக்கிறாள். உட்காருங்கள் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை என்றார் ஹெட்போன் மாமா.

மேற்கு நேரத்துக்கு இப்போது வாசிக்கும் பெண் தலைநகரத்துக்காரி, பயிற்சி எடுத்துக்கொண்டு வெட்டிப் பேசுகிறாள், குரல் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. வரைபடம் இன்னும் வந்தபாடில்லை, தள்ளிவைத்திருக்கிறார்களாம். அம்மா முதல் வாரம் சாதாரணமாகத்தான் இருந்தாள். ஒருநாள் சந்தையில் தக்காளி விலை கேட்டிருக்கிறாள், காய்கறிக்காரர் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "ரேடியோ அக்காவா? உங்கள அந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லிட்டாங்களாமே, நிஜமா?" என்று கேட்டுவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, தக்காளி இரண்டு கூடுதலாகவே போட்டார். அன்றிலிருந்து அவள் காய்கறியை விரலால் காட்டித்தான் வாங்குகிறாள். பஸ்ஸில் இறங்குமிடம் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சமாதானமாக எதைச் சொன்னாலும், "விடுங்க" என்று ஒரே சொல்.

போன செவ்வாய்க்கிழமை கடையில் கரண்ட் போய்விட்டது, மதியமே வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் பேச்சுச் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள், அம்மா பேசுகிறாள் என்று ஒரு சந்தோஷம், சத்தம் போடாமல் கூடம் வரை போனேன். யாரும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இன்று மாலை இடியுடன் மழை பெய்யலாம்" என்று அம்மா சொல்கிறாள். மறுபடியும் அதையே சொல்கிறாள். அந்தப் புதுப் பெண் மாதிரி கடைசியை வெட்டப் பார்க்கிறாள், அது தானாக நீண்டுவிடுகிறது, "சே" என்று தன்னையே கடிந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். இத்தனை வருஷம் ஊரே கேட்ட குரலம்மா அது. எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வாசலுக்குப் போய்க் கதவின் தாழ்ப்பாளைப் பலமாக ஆட்டினேன். பேச்சு நின்றது, குழாயும் நின்றது. ஈரக் கையோடு வந்து நின்று, "என்ன, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்று கேட்டாள். சுத்தமாக வெட்டிக் கேட்டாள். கோபம் ஒன்றும் இல்லை அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் பேசிய பேச்சு அது இல்லை. கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

இனி போனில் அம்மாவின் பேச்சு உனக்கு அந்நியமாகப் பட்டால், என்னம்மா இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டுவிடாதே, சிரித்தும்விடாதே. குழந்தையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு நீ கொஞ்சம் தள்ளிப் போ, அவர்கள் இரண்டு பேரும் எதையாவது பேசிக்கொண்டிருக்கட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், அப்பாவுக்கு வேறு என்ன வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். கண் டாக்டரை மறந்துவிடாதே. இதற்குப் பதில் எழுதினால் வீட்டுக்கு வேண்டாம், கடை முகவரிக்கு அனுப்பு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா