நாற்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு

ஞாயிறு, காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் மகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தொலைபேசியிலேயே சொல்லியிருக்க வேண்டும். "சொல்லுங்க மாமா" என்று நீங்கள் சொன்னதும், அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு எழுத்தில்தான் வாய் திறக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்று உங்கள் புதிய தட்டைப்பயறு வண்டைத் தாங்குமா என்ற சோதனையை என் வீட்டு மாடி அறையில் வைத்தீர்கள் அல்லவா? பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள். புட்டிக்கு எழுபத்தைந்து விதை, ஐந்து ஜோடி வண்டு. வாயில் மெல்லிய துணி. எல்லா விதைகளின் மேலும் முட்டைகள் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டியிருந்தன. சாதாரணப் பயறாக இருந்தால் இருபத்தெட்டாம் நாள் புது வண்டு விதையைத் துளைத்து வெளியே வந்துவிடும். உங்கள் பயறில் நாற்பத்தைந்தாம் நாள் வரை ஒன்றும் வரவில்லை. விதிப்படி சோதனை அதோடு முடிகிறது. அறிக்கையின் பன்னிரண்டு கட்டத்திலும் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் சில நாள் வைத்திருக்கட்டுமா என்று கேட்டேன். "வண்டு என்ன மாமா, நல்ல நேரம் பாத்தா வெளிய வரும்?" என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பதினோரு புட்டிகளைக் கொதிநீரில் கொட்டி அழித்தேன். ஏழாம் எண் புட்டியை ஜன்னல் கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தேன், அது நினைவில்லை. எழுபத்தோராம் நாள் தூசி துடைக்கப் போனபோது துணிக்கு அடியில் நான்கு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு துணியை; கிழிசல் இல்லை. பிறகு விதை மாறிவிட்டதோ என்று பார்த்தேன். உங்கள் பயறுக்கே உரிய சாம்பல் நிறக் கண் எல்லா விதைகளிலும் இருந்தது. துளைகள் உள்ளிருந்து வெளியே போட்டவை. இப்படி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டே பத்து நாளைப் போக்கிவிட்டேன். அதற்குள் வண்டு முப்பத்தொன்று ஆகிவிட்டது. மீதி விதைகளில் பத்தைப் பிளந்து பார்த்தேன். எட்டில் புழு உயிரோடு இருந்தது.

மாப்பிள்ளை, உங்கள் பயறில் எதிர்ப்பு இருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் அது வண்டைக் கொல்லவில்லை, தாமதப்படுத்துகிறது. நாம் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு அது வருகிறது.

அங்கே விவசாயிகளுக்கு நீங்கள் கொடுத்த விதை அறுவடையாகி இன்றோடு ஐம்பத்துநான்கு நாள். வயலில் நெற்று காயும்போதே வண்டு முட்டையிட்டிருக்கும். மூட்டையை இப்போது அவிழ்த்தாலும் பயறு பளபளவென்றுதான் இருக்கும், யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். இன்னும் பதினேழு நாளில் வரத் தொடங்கும். விதைப்புக்கோ இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. படிக்குப் படி பழைய விதையை வாங்கிக்கொண்டுதான் புது விதை கொடுத்தீர்கள். அந்தப் பழைய விதை ஆலைக்குப் போய் மாவாகிவிட்டது. இந்த விதைக்கு மருந்தும் வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம் என்று நீங்கள் மேடையில் பேசியதைப் பத்திரிகையில் பார்த்தேன். போன மாதம் அதை வெட்டி வைத்துக்கொண்டேன், பெருமையாக.

முளைக்காத விதை கொடுத்த முந்தைய அதிகாரியை அங்கே மூன்று நாள் கிடங்கில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று வேடிக்கையாகச் சொன்னீர்கள். அது இப்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

நேற்று இங்குள்ள கிடங்குக்குப் போய், அங்கே விதை ஏற்றிவரும் கடைசி லாரியை நிறுத்தி வையுங்கள் என்றேன். பொறுப்பாளர் அறிக்கையை எடுத்துக் காட்டினார். "கையெழுத்து உங்களோடதுதானே சார்? இப்ப நீங்களே வேணாம்னா நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்றார். லாரியை நிறுத்த முடியவில்லை. அந்த லாரி ஓட்டுநரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் நாள் வந்து சேரும். அதற்குப் பிறகு உங்களுக்குப் பதினான்கு நாள்தான் இருக்கும்.

கடிதம் கிடைத்ததும் வேறு வேலை எதையும் பார்க்க வேண்டாம். ஏதாவது ஒரு வீட்டு மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிளந்து பாருங்கள். நான் சொல்வது தவறாக இருந்தால் கிழவனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று சொல்லிச் சிரியுங்கள்; அதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறில்லை. புழு இருந்தால் எல்லா மூட்டைகளையும் ஒரே இடத்துக்கு வரவழைத்துக் காற்றுப் புகாமல் மூடி, புகைமருந்து வைத்துவிடுங்கள். பாதியாவது மிஞ்சும். ஏன் என்று கேட்பார்கள். மறைக்க வேண்டாம். வண்டை எண்ணியவன் தவறாக எண்ணிவிட்டான், அவனே வருகிறான் என்று சொல்லுங்கள்.

மகளை என்னிடம் அனுப்பி வையுங்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் உங்களை விட்டு வரமாட்டாள், வரவும் கூடாது. செவ்வாய்க்கிழமைப் பேருந்துக்கு எனக்கு இடம் சொல்லியாகிவிட்டது. கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் ஊரார் முன் நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டாம். சற்றுத் தள்ளியே இருங்கள்.

அப்பா சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார் என்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்