கடிகாரம் கண்டுபிடிச்ச சத்தம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டு சௌக்கியமா இருக்கோம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உனக்குச் சொல்லாம வச்சிருந்தேன், அதைப் பின்னாடி சொல்றேன், பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. நீயும் அங்க உடம்பைப் பாத்துக்கிட்டு, வேலை வேலைன்னு ஓடாம, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கறேன்னு நம்பிக்கிட்டு ஆரம்பிக்கிறேன். உன் மாமா வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கிட்டார், பொழுது போகாம எல்லாருக்கும் போன்ல பூப் படம் அனுப்பிக்கிட்டிருக்கார். மாடிப்படிக்குப் பெயிண்ட் அடிச்சோம், உங்கம்மா பச்சை கேட்டா, நான் பச்சைன்னு நினைச்சு வாங்கிட்டு வந்தது நீலமாம், இன்னும் அந்தப் பேச்சு முடியல.

போன வாரம் நீ ஒரு மெசேஜ் போட்டிருந்தே. என்கூட வேலை பாக்கிற பொண்ணு அவ அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாம்னு இருக்கா, நான் உங்களுக்கு அனுப்பினது தினமும் கட்டிக்கிற மாதிரி உபயோகமா இருக்கா, இல்ல பெட்டியோட அலமாரியில தூங்குதா, உண்மையைச் சொல்லுங்கன்னு. நான் நல்லா இருக்கும்மான்னு ஒரு வரி பதில் போட்டேன். போட்டப்புறம் மனசு கேக்கல. ஒரு வரியில சொல்ற சமாச்சாரமில்ல இது. அதான் பேப்பரை எடுத்துட்டேன்.

உண்மையைச் சொன்னா, முதல் ஒரு மாசம் அதுக்கும் எனக்கும் ஒத்தே வரல. உனக்குத்தான் தெரியுமே, எங்க லாண்டரியில காலையில ஆறு மணிக்கு வேலை ஆரம்பிச்சா ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் துண்டுன்னு மலை மாதிரி வந்து குவியும். நின்னு நின்னு கால் கடுத்துப்போய் பதினோரு மணிக்கு துணி மூட்டை மேல அப்பாடான்னு உக்காருவேன், உடனே கையில ஒரு உதறல், எழுந்து நில்லுங்கன்னு. இத்தனை வருஷத்துல எங்க முதலாளிகூட என்னை அப்படிச் சொன்னதில்ல. நல்லாத் தூங்கி எழுந்து வந்தா, நீங்க சரியாத் தூங்கலைன்னு மார்க் போடும், அதைப் பாத்ததும் இல்லாத அசதியெல்லாம் வந்து சேரும். உன் மாமா அனுப்பற பூ ஒவ்வொண்ணுக்கும் கை குலுங்கும். உங்களுக்கு நடுக்கம் வந்துட்டுதா, டாக்டரைப் பாக்கலாமான்னு உங்கம்மா கிண்டல். போதாக்குறைக்கு லாண்டரி நீராவியில அந்த ரப்பர் பட்டைக்கு அடியில வேர்த்து வேர்த்து மணிக்கட்டைச் சுத்தி சிவப்பா தடிச்சுப்போச்சு. கழட்டி வச்சிடலாம்னுதான் இருந்தேன். நீ ஆசையா அனுப்பினதாச்சேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து ஒவ்வொண்ணா நிறுத்தினேன். தூக்கம் வேண்டாம், நடை வேண்டாம், பூ வேண்டவே வேண்டாம். உங்கம்மா கடைக்குப் போய் துணிப் பட்டையா பாத்து வாங்கி மாட்டினா. அதுக்கப்புறம்தான் அது வாட்ச் மாதிரி அடக்கமா இருந்துச்சு. தினமும் சார்ஜ் கேட்டுக்கிட்டிருந்தது நாலு நாள் தாங்க ஆரம்பிச்சுது.

ஆனா ஒரு கோளாறு மட்டும் போகல. தினமும் காலையில பத்து மணி வாக்கில, மெஷினெல்லாம் ஒண்ணா ஓடற நேரம், ஒரு காது படம் வரும், கீழே பொடி எழுத்துல இங்கிலீஷ்ல ஏதோ இருக்கும், கை குலுங்கும். கண்ணாடி லாக்கர்ல இருக்கும், ஈரக் கையோட போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள படம் போயிடும். தண்ணி உள்ள போயிட்டுதுன்னு முடிவு பண்ணி, பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ல கடிகாரம் ரிப்பேர் பண்றாங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட கொண்டுபோனேன். அவங்க அதை ஏதேதோ தட்டிப் பாத்துட்டு, சார், வாட்ச் நல்லா இருக்கு, நீங்க நிக்கிற இடத்துல சத்தம் ரொம்ப அதிகம், காதுக்குக் கெடுதல்னு அது சொல்லுதுன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. அம்மா, முன்னாடின்னா சரி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மெக்கானிக் வந்து பிழியற மெஷினுக்கு பேரிங் மாத்தினப்புறம் எங்க லாண்டரி அமைதியா ஆயிட்டுது, பக்கத்துல குழந்தையைத் தூங்க வைக்கலாம்னேன். அவங்க தலையைக் குனிஞ்சு வாட்சைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பாத்து, நான் இப்ப மூணு தடவை உங்களை ஒரு கேள்வி கேட்டேன் சார், கேட்டுச்சான்னாங்க. எனக்கு ஒரு தடவைகூட கேக்கல சிட்டு.

மறுநாள் வேலைக்குப் போனதும் நேரா விரிப்பக்காகிட்ட போனேன். பெரிய சூட்டு உருளையில விரிப்பு தேய்க்கிறாங்களே, நீ சின்னதுல வச்ச பேர்தான், இப்ப எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. அக்கா, இங்க சத்தம் அதிகமாவா இருக்குன்னு கேட்டேன். அவங்க உருளையை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. தம்பி, மெஷின் எப்பவும் போலத்தான் கத்துது, பேரிங் மாத்தினதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தின்னாங்க. உங்ககிட்ட நாங்க எல்லாரும் கத்தித்தான் பேசறோம், துவைச்சு முடிச்சதும் மெஷின் மணி அடிச்சா உங்களுக்குக் கேக்கறதில்ல, யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க போய் நிறுத்திடறோம், கோவிச்சுக்குவீங்கன்னு யாரும் சொல்லலைன்னாங்க. நான்தான் அந்த இடத்துக்கு மேஸ்திரி. ரெண்டு வருஷமா பதினோரு பேர் சேர்ந்து என்னை சமாளிச்சிருக்காங்க, எனக்குத் தெரியல. நான் போய் ஒரு வண்டித் துண்டையும் தனியா மடிச்சு முடிச்சேன்.

உங்கம்மாகிட்ட ஒம்போது நாள் சொல்லல. வெக்கம்தான், வேறென்ன. அந்த ஒம்போதாவது நாள்தான் உன்கிட்டேர்ந்து ஒரு மெசேஜ் வந்துச்சு, உனக்கு ஞாபகம் இருக்கும். போன் வழக்கம்போல லாக்கர்ல. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் சோப்புத் தண்ணி. கண்ணாடி இல்லாமலே தெரியற மாதிரி கடிகாரம் ரிப்பேர் பண்ற அம்மா எழுத்தைப் பெருசாக்கி வச்சிருந்தாங்க. மணிக்கட்டு குலுங்கி, திருப்பிப் பாத்தா, அப்பா, நான் கிளம்பி வந்ததுக்கு இன்னும் என் மேல கோபமா, ரெண்டு வருஷமா என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்லையேன்னு. சாயங்காலம் லாக்கரைத் திறந்து பாத்திருந்தா, வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்னு பையில போட்டிருப்பேன், மறந்திருப்பேன். கையில இருந்ததால தள்ளி வைக்க முடியல. அங்கேயே துணி வண்டி மேல உக்காந்துட்டேன். கோபமெல்லாம் இல்லம்மான்னு உனக்கு பதில் போட்டேனே, அதை நீ நம்பியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். காரணம் சொல்லாம கோபமில்லைன்னா யார் நம்புவாங்க.

காரணம் இதுதான் சிட்டு. ரெண்டு வருஷம் முன்னாடி நீ வேலைக்குன்னு ஊரை விட்டுக் கிளம்பறப்ப போகணும்னா போன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன், ஒத்துக்கறேன், அந்தக் கோபம் ஒரு வாரம் இருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு உன் குரல் கேக்கல. மெக்கானிக் பேசினா கேக்கும், உன் மாமா பேசினா பக்கத்துத் தெருவுக்கே கேக்கும். நீ போன்ல பேசறது மட்டும் பஞ்சுக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். லைன் சரியில்லைன்னு நினைச்சேன், அப்புறம் நீதான் வேணும்னே முணுமுணுன்னு பேசறேன்னுகூட நினைச்சேன். தப்பாப் பதில் சொல்லிடப் போறேன்னு பயந்து, சரிம்மா, ஆகட்டும்மா, இந்தா அம்மாகிட்ட பேசுன்னு போனைக் குடுத்துடுவேன். காது டாக்டர் சொன்னாங்க, இரைச்சல்ல வேலை பாக்கிறவங்களுக்கு முதல்ல மெல்லிசா உசந்த குரல்தான் கேக்காம போகும்னு. பொண்ணுங்க குரல், குழந்தைங்க குரல். அதைக் கேட்டுட்டு வெளிய வந்து, உங்கம்மா மருந்துச் சீட்டு வாங்கற வரைக்கும் பெஞ்சில உக்காந்திருந்தேன்.

உங்கம்மாகிட்ட சொன்னது உன் மெசேஜ் வந்த அன்னிக்கு சாயங்காலம். அழுவாளோன்னு பயந்துக்கிட்டே சொன்னேன். அவ இடுப்புல கை வச்சு நின்னு கேட்டுட்டு, இத்தனை நாள் நீங்க என் பேச்சைக் காதுல வாங்கறதில்லைன்னு உங்ககூட சண்டை போட்டேன், காதே வாங்கலைன்னு இப்பதான் தெரியுதுன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கண்ணு மட்டும் சிரிக்கல. மறுநாளே டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போயிட்டா. ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கன்னாங்க. ரொம்ப நேரம் நான் எதையும் அமுக்காம உக்காந்திருந்தேன், வெளிய நின்ன உங்கம்மா முகத்தைப் பாத்துத்தான் சத்தம் வந்துட்டுப் போச்சுன்னு புரிஞ்சுது. ரெண்டு காதும் குறைஞ்சிருக்கு. போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்னாங்க. முதலாளிகிட்ட சொன்னேன், எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் காதுக்கு மூடி வாங்கிப் போட்டுட்டார். விரிப்பக்கா அதைப் போட்டுக்கிட்டு கண்ணாடி பாத்துட்டு, கிரீடம் மாதிரி இருக்குன்னு பெருமைப்பட்டுக்கறாங்க. எனக்கு காதுக் கருவி வந்து ரெண்டு வாரம் ஆச்சு. முதல் நாள் பிளாஸ்டிக் பை சரசரன்னதுக்குத் திடுக்கிட்டேன். உங்கம்மா சமையல்கட்டுல பாட்டு முணுமுணுக்கறா, சுருதியே இல்ல, நான் எதுவும் சொல்லாம கேட்டுக்கிட்டிருக்கேன்.

சரி, உன் தோழிக்கு வர்றேன். அவகிட்ட சொல்லு, வாங்கித் தரலாம், ஆனா அவ அப்பா நாள் முழுக்க என்ன பண்றார்னு முதல்ல பாத்துட்டு வாங்கச் சொல்லு. எழுத்து பெருசா, வெயில்லயும் தெரியணும். ஈர விரல் பட்டா கண்ணாடி முரண்டு பிடிக்கும், அதனால பக்கத்துல ஒரு பட்டன் இருக்கிறதா பாக்கணும். பட்டையை மாத்திக்கிற மாதிரி இருக்கட்டும். சும்மா கையில கிடக்கிறது தெரியாத அளவுக்கு லேசா இருக்கட்டும். எனக்கு அது ரொம்ப உதவறது சின்னச் சின்னதுக்குத்தான். துவைக்கிற மெஷினைப் போட்டதும் வாட்ச்ல முப்பத்தெட்டு நிமிஷம் வச்சிடுவேன், முடிஞ்சதும் கை குலுங்கும், நானே போய் நிறுத்துவேன், இப்ப என் வேலையை யாரும் பாக்க வேண்டியதில்ல. டிரையர் பின்னால குனிஞ்சு பாக்க அதுலயே வெளிச்சம். உங்கம்மா மாடியிலேர்ந்து கத்தறதை விட்டுட்டா, சாப்பாடுன்னு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவா. மத்ததையெல்லாம் முதல் நாளே நிறுத்திடச் சொல்லு. அவரைக் கண்காணிக்கறதுக்காக வாங்க வேண்டாம்னும் சொல்லு, எத்தனை அடி நடந்தீங்கன்னு மக தினமும் கேட்டா எந்த அப்பனும் ரெண்டாம் வாரம் கழட்டி வச்சிடுவான்.

இப்ப உன்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும். போன வருஷம் நீ ஒரு நாள் போன் பண்ணி ஏதோ சொன்னே, குரல் உடைஞ்ச மாதிரி இருந்துச்சு, உனக்கு வேலை உசந்துட்டுதுன்னு நீ சொல்றதா நான் நினைச்சு, ரொம்ப சந்தோஷம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொல்லி வச்சிட்டேன். நீ சொன்னது காய்ச்சல் வந்து அஞ்சு நாள் தனியா ஆஸ்பத்திரியில கிடந்ததைன்னு உங்கம்மா இந்த மாசம்தான் எனக்குச் சொன்னா. நீ அவகிட்ட அழுதியாம். அப்பாகிட்ட இதைக் கேக்காதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டியாம். அதைக் கேட்டதிலேர்ந்து என்னால சும்மா இருக்க முடியல சிட்டு. அந்த அஞ்சு நாள் யார் உனக்குத் தண்ணி குடுத்தாங்க, யார் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, எதுவும் எனக்குத் தெரியாது. பழைய கதைதானேன்னு நினைக்காம எனக்கு முதல்லேர்ந்து சொல்லணும் நீ.

வர்ற ஞாயித்துக்கிழமை உங்கம்மா மாமா வீட்டுக்குப் போறா, வேணும்னேதான் போறா, நானே போனை எடுக்கணுமாம். காலையில பத்து மணிக்கு மேல கூப்பிடு. நோய் நொடி இல்லாம, நல்ல மனுஷங்க சூழ, நினைச்சதெல்லாம் கூடி நீ நூறு வருஷம் இருக்கணும், அம்மாவும் நானும் எப்பவும் உன் நினைப்பாத்தான் இருக்கோம். பல் டாக்டரைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியாமே, தள்ளிப் போடாம போய் வா. ஞாயித்துக்கிழமை பேசறப்ப அப்பாவுக்காகக் கத்த வேண்டாம், நிறுத்தி நிறுத்தியும் பேச வேண்டாம். உன் குரல்லயே பேசு.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா