செல்வராஜுக்கு வந்த அழைப்பு

பொழிச்சலூர், செவ்வாய் இரவு

ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டுக் கிராமக் குடிநீர்த் திட்டத்தில் இரண்டு வருஷ வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதிலிருந்து, இரண்டு வாரமாக அப்பா என்னோடு பேசவில்லை. "எம்.எஸ்ஸி. படிச்சுட்டு அங்க போய் போர்வெல் போடப் போறியா?" என்றதோடு சரி.

இன்று சாயங்காலம் அங்குள்ள மேலதிகாரியோடு ஹாலில் வீடியோ கால். வழக்கம்போல் தலைக்கு மேல் விமானம் இரைந்தது. அவர் கத்தினார்: "செல்வராஜ்!"

பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் இருப்பது அப்பா பெயர். அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார் போல. நான் வாய் திறப்பதற்குள், பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று எழுந்து நின்று "யெஸ் சார்" என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பு மலாவிவரை கேட்டிருக்கும். அப்பா உட்காரவில்லை. போனுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே அரிசி கிடைக்குமா என்று அவரிடமே இங்கிலீஷில் விசாரித்தார்.

கால் முடிந்ததும் என்னிடம் சொன்னார்: "அரிசி கிடைக்குமாம் கண்ணு. புளி மட்டும் எடுத்துட்டுப் போ."

என் பெயர் கவிதா என்று திருத்தி மெயில் எழுதினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். இரண்டு வருஷமும் அங்கே அப்பாவையே கூப்பிடட்டும். நான் எழுந்து நிற்கிறேன்.