தோளில் பதினொன்றரை சென்டிமீட்டர்

9, திங்கள்
விடியும்போதே வெயில். மோட்டார் ரிப்பேர், அரை வாளியில் குளியல். அயோத்தியாப்பட்டணம் வரை ஸ்கூட்டியில் புழுதி.

நான் பேட்டர்ன் வரையும் கார்மெண்ட்ஸ் யூனிட்டில் முதலாளி ஃபோனை நீட்டினார். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய படம். ஊக்குக் குத்திய கிழிசல் சட்டை.

"ஏனுங்க ஸ்டெல்லா, இதையெல்லாமா காசு குடுத்து வாங்குவாங்க? ஆயிரம் பீஸ் கேக்கறாங்க."

பங்க் ஸ்டைல் என்றேன். காசில்லாத பிள்ளைகள் பெரியவர்களை வெறுப்பேற்றப் போட்டுத் திரிந்தது, இப்போது மாலில் தொங்குகிறது என்றேன்.

"நெசமான ஒண்ணு கெடச்சா அப்படியே காப்பி எடுத்துரலாமுங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்கிட்ட ஒண்ணு இருக்கு சார்."

10, செவ்வாய்
பீரோ அடியிலிருந்து எடுத்தேன். அப்பாவின் காக்கிச் சட்டை, லாரி ஓட்டிய காலத்தது. பத்தொன்பது வயதில் அதில் முப்பது ஊக்குக் குத்தி, குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்குப் போட்டுப் போனேன். படியில் எல்லாரும் பார்க்க அப்பா தோளைப் பிடித்து இழுத்தார். கிழிந்தது. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை. அவர் எப்போதோ மறந்திருப்பார்.

படம் எடுத்து அனுப்பியதும் பையரிடமிருந்து உடனே பதில். தோள் கிழிசல் பிரமாதம், அளவு மாறாமல் வேண்டும். ட்ரேசிங் பேப்பர் வைத்து அப்பாவின் கோபத்துக்கு பேட்டர்ன் வரைந்தேன். பதினொன்றரை சென்டிமீட்டர். அருவருப்பு. கொஞ்சம் பெருமையும்தான், எதற்கு மறைக்க.

வாங்க வேண்டியது: கறுப்பு ஊக்கு, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, தோசை மாவு.

12, வியாழன்
நேற்று எழுதவில்லை. தலைவலி.

இன்று நாலு மணிக்கு கூரியர். தைத்த மாதிரியோடு என் காக்கிச் சட்டையும் போக வேண்டும். காணோம். தேடினால் செக்கிங் மேசையில், இஸ்திரி போட்டு மடித்து. ஊக்கெல்லாம் ஒரு கவரில்.

செக்கிங்கில் ஓட்டை விழுந்த துணியைச் சரிசெய்வது சரோஜாக்கா. முன்பு இளம்பிள்ளை ஊரில் தறியிலிருந்து வரும் சேலைகளில் விட்டுப்போன இழைகளைக் கோத்தவர்.

"யாரோ கிழிஞ்ச பீஸ மேச மேல போட்டுட்டுப் போயிட்டாங்க சாமி. அதே நெறத்துல நூல் தேடிக் கோத்துட்டேன். எங்கன்னு கண்டுபுடி பாக்கலாம்!"

தடவித் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கத்த வாயெடுத்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன்.

முதலாளி: "பேட்டர்ன் இருக்குதில்லீங்க? அதே எடத்துல கிழிச்சுப் போடுங்க."

"முடியாது சார். அது எங்கப்பா கிழிச்சது."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சட்டையைப் பையில் திணித்தேன். அதற்குப் பதில் புதுக் காக்கியைக் கிழித்து அனுப்பினார்கள். பையருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

13, வெள்ளி
மூட்டம், மழை இல்லை. சாயங்காலம் வீட்டில் வீம்புக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அப்பா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு வந்தார். நான் நேற்று தடவித் தடவியும் அகப்படாத இடத்தில் அவர் கட்டைவிரல் நேராகப் போய் நின்றது.

"இங்கதான கிழிச்சேன்" என்றார். திரும்பத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

அவர் மறந்துவிட்டார் என்பதுதான் இருபது வருஷமாக என் கோபமே. இனி அதை என்ன செய்வது? உட்கார முடியவில்லை. தெருமுனை வரை போய் வந்தேன். மறுபடியும் போனேன்.